வாசகர் கேள்வி – பதில்: கடல் கடந்து வந்தவையும் சென்றவையும்

செடிகளும் உயிரினங்களும் வழக்கங்களும் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் சென்று சேர்ந்த வரலாறு குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களே மிகுதி. பல தலைமுறைகளாகக் கப்பலேறிச் சென்று திரும்பியவர்களின் ஊர்கள் அவை என்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவர்களுடைய கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

செட்டிநாட்டுச் சமையல் என்றாலே காரம் என்கிறார்கள். மிளகாய் நம் நாட்டுப் பயிரே இல்லை என்று என் பேத்தி பள்ளியிலிருந்து வந்து சொல்கிறாள். அப்படியானால் நம் முன்னோர் எதைக் கொண்டு காரம் சேர்த்தார்கள்?
— வாசகி, காரைக்குடி

உங்கள் பேத்தி சொன்னது முற்றிலும் சரி. மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். அதை முதன்முதலில் பயிராக்கியவர்கள் மெக்சிகோ நிலத்தின் பழங்குடி மக்கள். 1492இல் கொலம்பஸ் அக்கண்டத்தின் தீவுகளை அடைந்த பிறகே அது கடல் தாண்டியது. 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்து, 1510இல் கோவாவைக் கைப்பற்றிய போர்ச்சுக்கீசியரின் கப்பல்கள் வழியாக, 16ஆம் நூற்றாண்டில் மிளகாய் நம் மேற்குக் கரையில் இறங்கியது. அதற்கு முன்பு காரத்துக்கு மிளகும் திப்பிலியும் இஞ்சியும் சுக்கும்தான். இதற்குச் சான்று தேடி வெளியே போக வேண்டியதில்லை. திதி நாளில் மிளகாயையும் தக்காளியையும் உருளைக்கிழங்கையும் விலக்கி, மிளகு மட்டும் சேர்த்துச் சமைக்கும் குடும்பங்கள் இன்றும் பல உண்டு; பழைய சமையல் அந்த ஒரு நாளில் அப்படியே நிலைத்திருக்கிறது.

மிளகை மிளகாய் எப்படி இவ்வளவு எளிதாகப் பின்னுக்குத் தள்ளியது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மிளகு, மழை மிகுந்த மலைச்சரிவில் மரத்தைப் பற்றிப் படரும் கொடி. செட்டிநாட்டின் காய்ந்த செம்மண்ணில் அதை வளர்க்க முடியாது, விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மிளகாயோ நட்ட சில மாதங்களில் காய்க்கிறது. பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிப்பதால், ஒரு பழத்தின் விதையைக் கொண்டு அதே குணமுள்ள செடிகளை ஆண்டுதோறும் எழுப்பலாம். உலர்த்தி வைத்தால் அடுத்த பட்டம் வரை கெடாது. மிளகு வாங்க வழியில்லாத வீட்டுக்கும் கொல்லையிலிருந்தே காரம் கிடைத்தது. நம் பக்கத்து இராமநாதபுரம் சீமையின் வானம் பார்த்த நிலத்தில் விளையும் குண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது என்றால், வந்த செடி எவ்வளவு ஆழமாக ஊன்றிவிட்டது என்பதை உணரலாம்.

நிலக்கடலை, முந்திரி, கொய்யா, சீத்தாப்பழம், பப்பாளி ஆகியவையும் அதே கண்டத்திலிருந்து வந்தவை. கறி மசாலாவில் நாம் சேர்க்கும் அன்னாசிப்பூ தென் சீனத்திலும் வட வியட்நாமிலும் விளைவது. இவற்றையெல்லாம் அயலவை என்று ஒதுக்குவதை நான் ஏற்க மாட்டேன். மிளகாய் தானாகக் காடேறி இங்கிருந்த எந்தச் செடியையும் விரட்டவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒருவர் நாற்றுவிட்டு, களையெடுத்து, விதை எடுத்து வைத்தால்தான் அது அடுத்த ஆண்டைப் பார்க்கிறது.

அப்படியென்றால் புளியாவது நம்முடையதுதானே?
— வாசகர், கோட்டையூர்

புளிய மரத்தின் தாயகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா. ஆனால் எழுதப்பட்ட வரலாற்றுக்கு முன்பே அது இந்தியாவுக்கு வந்துவிட்டதால், அது வந்தது என்ற நினைவே நம்மிடம் இல்லை. கரும்பின் கதை வேறு. அதன் தொல்தாயகம் நியூகினித் தீவு என்பது அறிவியல் முடிவு. கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர்கள் என்று புறநானூற்றின் 99ஆம் பாட்டில் ஔவையார் போற்றுகிறார். புதிய பயிர் ஒன்றைக் கொண்டுவருவது ஒரு குலத்தின் புகழாகப் பாடத்தக்க செயல் என்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் கருதியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

எங்கள் வீட்டுத் திருமணங்களில் கவுனி அரிசி இல்லாத விருந்து கிடையாது. அது பர்மாவிலிருந்து வந்தது என்பது உண்மையா?
— வாசகி, தேவகோட்டை

ஆம், பர்மாத் தொடர்பால் வந்ததே. 1852இல் ஆங்கிலேயர் கீழைப் பர்மாவைக் கைப்பற்றிய பிறகு, ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் சதுப்புக் காடுகள் திருத்தப்பட்டு நெல்வயல்கள் ஆயின. அந்த வேளாண்மைக்குக் கடன் கொடுத்தவர்களில் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் முதன்மையானவர்கள். 1930களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் கடன் திரும்பாமல் நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. 1938இல் அங்குள்ள முக்கிய நெல் மாவட்டங்களின் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்களிடம் இருந்தது. வேலைக்குச் சென்றவர்கள் அங்குள்ள வட்டிக்கடையிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கியவர்கள். அந்த நாட்டு அரிசியை உண்டு பழகியவர்கள். 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது நிலத்தையும் கணக்கையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களும் கவுனி அரிசியை விடவில்லை.

நம் சாதாரண அரிசியில் உள்ள அமைலோஸ் என்னும் மாவுப்பொருள் இந்த ஒட்டரிசியில் ஏறக்குறைய இல்லை. அதனால்தான் வெந்ததும் பருக்கை பருக்கையாக நிற்காமல் ஒன்றோடொன்று பற்றிக்கொள்கிறது. இரவே ஊறவைக்க வேண்டியிருப்பது தவிடு நீக்காத அரிசி என்பதால்; ஊறிய நீர் கருஞ்சிவப்பாக மாறுவது அந்தத் தவிட்டில் இருக்கும் நிறமியால். பர்மியர் இதே வகைக் கருநிற ஒட்டரிசியை அவித்து, தேங்காயும் எள்ளும் தூவிக் காலை உணவாக உண்கிறார்கள். அங்கே அன்றாடம் உண்பது இங்கே சர்க்கரையும் நெய்யும் சேர்ந்து திருமண இலைக்கு ஏறியது. உணவு இடம் பெயரும்போது அதன் மதிப்பும் மாறுகிறது. இன்று தமிழ்நாட்டு உழவர்கள் கறுப்புக் கவுனியை இங்கேயே பயிரிடுகிறார்கள். ஆனால் ஏறத்தாழ ஐந்து மாதம் வயலில் நிற்கும் நெல் என்பதால், கண்மாய் நீரை மட்டும் நம்பியிருக்கும் நிலத்தில் அதை விளைவிப்பது கடினம்.

எங்கள் கண்மாய் முழுவதும் வேலிக்கருவை. நம் நிலத்தடி நீரை அழிக்க வெளிநாட்டார் திட்டமிட்டு விமானத்திலிருந்து விதை தூவினார்கள் என்கிறார்கள். இது காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்றும் படித்தேன். எது உண்மை?
— வாசகர், கல்லல்

சதி எதுவும் இல்லை. நல்ல எண்ணத்தோடு செய்த ஒரு செயல், பின்விளைவை ஆராயாமல் செய்யப்பட்டது என்பதே உண்மை. வேலிக்கருவை என்று நீங்கள் சொல்லும் சீமைக்கருவேலத்தின் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவின் வட பகுதியும். 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைக்கப்பட்டுக் கடப்பை மாவட்டத்தின் கமலாபுரத்தில் விதைக்கப்பட்டது. வறண்ட நிலத்தில் விறகுக்கு ஒரு மரம் வேண்டும் என்பதுதான் நோக்கம். விடுதலைக்குப் பின்னும் அதே நோக்கத்தோடு நம் வறட்சி மாவட்டங்களில் பரப்பப்பட்டது. அன்று வீட்டு அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் விறகுதான் என்பதையும், காடு மிகவும் சுருங்கியிருந்ததையும் நினைத்தால், அந்த முடிவை எடுத்தவர்களை இழித்துப் பேச மனம் வரவில்லை.

அது பரவிய முறையைப் புரிந்துகொண்டால்தான் தடுக்க முடியும். நெற்று இனிப்பானது, ஆடும் மாடும் விரும்பித் தின்னும். கடினமான விதை குடலில் செரிக்காமல், தோல் மட்டும் மென்மையாகிச் சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து, எருவிலேயே முளைக்கிறது. மேய்ச்சலுக்குப் போன ஆடு ஒவ்வொன்றும் தன்னை அறியாமல் அதை விதைத்தது. தாயகத்தில் அந்த விதைகளைத் துளைத்து அழிக்கும் வண்டினங்கள் பல உண்டு. 1877இல் விதை மட்டும் கப்பலேறியது, அந்தப் பகைகள் ஏறவில்லை. இலையை ஆடு மாடு தொடுவதில்லை. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பத்துக் கிளைகளாகத் துளிர்க்கிறது. தூர்வாரப்படாமல், மடையும் வரத்துக்காலும் பராமரிப்பின்றிக் கிடந்த கண்மாய் அதற்கு வாய்த்த இடம். நம் ஊர்களில் கண்மாயைக் கவனிக்க ஆள் குறைந்த காலமும் கருவை பெருகிய காலமும் ஒன்றே என்பதைப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது, அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்பவற்றுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ஆனால் அதன் வேர் மிக ஆழம் போகும். இதன் நெருங்கிய உறவான மரம் ஒன்றின் வேர் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துச் சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது. கண்மாய்க்குள் நீரின் போக்கைத் தடுப்பதும், வண்டலைத் தேக்கி மேடாக்குவதும், நாட்டுக் கருவையையும் புல்லையும் எழவிடாததும் கண்ணால் காணத்தக்க தீமைகள். உண்மையான குற்றச்சாட்டுகளே போதுமானவையாக இருக்கும்போது பொய்யானவற்றைச் சேர்ப்பது, அகற்றும் பணியையே பலவீனப்படுத்துகிறது.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்ற ஆணையிட்டதும், பல ஊர்களில் இயந்திரம் வைத்து வெட்டியதும், ஓரிரு மழைக்குப் பின் மீண்டும் முளைத்ததும் நீங்கள் அறிந்ததே. தரைமட்டத்தில் வெட்டுவதால் பயனில்லை. அடிக்கட்டையை வேரோடு தோண்டி எடுத்து, அடுத்த மழைக்குள் அங்கே வேறு மரக்கன்று நட்டு, மூன்று நான்கு ஆண்டுகளாவது புதிய முளைகளைப் பிடுங்க வேண்டும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் இந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம்; அவர்களுக்கு மாற்று வழி காட்டாமல் ஒரே நாளில் அழிப்பது நியாயமாகாது. நீர்நிலைகளிலிருந்து தொடங்குவதே முறை.

என் சிறுவயதில் பாட்டி, ஊரைச் சுற்றிச் சப்பாத்திக்கள்ளி காடாகக் கிடந்தது என்பார். இப்போது தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அது எங்கே போயிற்று?
— வாசகர், புதுவயல்

இந்தக் கேள்விக்கு என் தனி நன்றி. முந்தைய கேள்விக்கு நம்பிக்கை தரும் விடை இதில் இருக்கிறது.

சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்கக் கண்டத்தது. அதன் மேல் வாழும் கொச்சினீல் என்னும் சிறு பூச்சியை உலர்த்தி அரைத்தால் உயர்ந்த சிவப்புச் சாயம் கிடைக்கும். அந்த வணிகம் மெக்சிகோவை ஆண்ட ஸ்பானியரின் தனியுரிமையாக இருந்தது. அதை உடைக்க விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே அமைத்தார். 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சியும் வந்தது. ஆனால் வந்தது உயர்ந்த சாயம் தரும் இனம் அன்று. அதன் உறவான வேறோர் இனம். சாயத் தொழில் தோற்றது. அந்தப் பூச்சியோ வட இந்தியாவில் கள்ளியின் ஓர் இனத்தை உறிஞ்சியே அழித்துவிட்டது. அதைக் கண்டவர்கள் 1830களில் அதே பூச்சியைத் தென்னிந்தியாவுக்கும், 1860களில் இலங்கைக்கும் களையழிக்கும் நோக்கத்தோடே கொண்டு சென்றார்கள். ஒரு களைச்செடியை அதன் இயற்கைப் பகையைக் கொண்டு அடக்கும் முறைக்கு உலகிலேயே மிகப் பழைய சான்றுகள் இவை.

நம் பக்கத்தில் காடாகக் கிடந்தது பெரும்பாலும் மற்றோர் இனம். அதை முதல் பூச்சி தொடவில்லை. 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு கொச்சினீல் இனம் வரவழைக்கப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளில் கள்ளிக் காடுகள் வெள்ளைப் பஞ்சு பூத்ததுபோல் ஆகி, வாடிச் சரிந்தன. ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 2.4 கோடி ஹெக்டேரை மூடியிருந்த கள்ளியை, 1925இல் அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஒரு விட்டிலின் புழுக்கள் அழித்தன. அந்தப் பூச்சிக்கு நன்றியாக குயின்ஸ்லாந்து மக்கள் ஓர் அரங்கமே கட்டினார்கள். எனினும், பகையைக் கொண்டுவருவதிலும் அளவற்ற கவனம் வேண்டும். கரும்புப் பயிரைத் தின்னும் வண்டுகளை ஒழிக்க 1935இல் அதே குயின்ஸ்லாந்தில் விட்ட தேரைகள் வண்டுகளை ஒழிக்கவில்லை. தாமே பெருகி, தம் நஞ்சால் அந்நாட்டு விலங்குகளைக் கொன்று வருகின்றன. கள்ளியின் பூச்சி கள்ளியை மட்டுமே உண்ணும். தேரை கண்டதையெல்லாம் தின்னும். வெற்றிக்கும் கேட்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு இதுதான்.

ஊருணியில் ஜிலேபி மீன் மட்டுமே கிடைக்கிறது. விராலும் கெளுத்தியும் காணோம். ஏன்?
— மாணவி, கானாடுகாத்தான்

ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்க மீன். புரதம் குறைந்த ஏழை வீட்டுக்கு எளிதில் வளரும் மீன் கிடைக்கட்டும் என்று 1952இல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. தாய் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கிறது. பிறந்த சில மாதங்களிலேயே அடுத்த தலைமுறை இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகிவிடுகிறது. கலங்கிய நீரும் குறைந்த நீரும் அதற்குத் தடையில்லை. குளம் நிறைந்தாலும் மீன்கள் சிறுத்தே போகின்றன. 1959இலேயே அதைப் பரப்பக் கூடாது என்று தடை விதித்தார்கள். அதற்குள் அது குளம் குளமாகச் சென்றிருந்தது. கோடையில் உங்கள் ஊருணி வற்றும்போது ஜிலேபியை முற்றிலும் பிடித்துவிட்டு, அடுத்த மழைக்குப் பின் நாட்டு மீன் குஞ்சுகளை விடுமாறு ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

என் பாட்டனார் மலாயாவில் ரப்பர் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தவர். ரப்பர் அந்த நாட்டு மரம்தானா?
— வாசகர், கண்டனூர்

இல்லை, பிரேசிலின் அமேசான் காட்டு மரம். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். எண்ணெய்ப் பசை மிகுந்த விதை ஆதலால் விரைவில் கெட்டுவிடும். இருபதில் ஒன்றுகூட முளைக்கவில்லை. முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கும், 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கும் வந்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தை நடத்திய ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். தோட்டம் போட முன்வந்த சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் தமிழர்களுக்கும் வங்கிகள் கதவைத் திறக்காத காலத்தில், உங்கள் பாட்டனாரைப் போன்றவர்களே முதலீட்டுப் பணம் தந்தார்கள்.

தாயகமான பிரேசிலில் தோட்டமாக நட்டபோது ரப்பர் பிழைக்கவில்லை என்பது பலருக்கும் தெரியாது. ஹென்றி ஃபோர்டு 1928இல் அங்கே பெருந்தோட்டம் தொடங்கினார்; நெருக்கமாக நட்ட மரங்களை இலைக்கருகல் பூஞ்சை அழித்தது. அந்தப் பூஞ்சை ஆசியாவுக்கு வரவில்லை. கருவையைப் போலவே ரப்பரும் பகையை விட்டுவிட்டு வந்ததால் செழித்தது. ஆனால் ரப்பர் தோட்டத்தின் எல்லையில் நிறுத்தி வைக்கப்பட்டது. கருவையை நிறுத்த யாரும் இல்லை.

தைப்பூசக் காவடி இங்கிருந்து சென்றதுதானே? அங்கே அது மாறிவிட்டது என்று வருத்தப்படுகிறார் என் தந்தை.
— வாசகி, பள்ளத்தூர்

குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து செல்லும் நகரத்தார் காவடியின் மரபு பல நூற்றாண்டுப் பழமை உடையது. சென்ற ஊர்களிலெல்லாம் தண்டாயுதபாணிக்கு ஒரு கோயில் எழுப்புவதும், கோயிலை அடுத்தே தொழில் நடத்துவதும் அவர்கள் வழக்கம். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859இல் எழுந்தது. பினாங்கின் வெள்ளித் தேர் 1894இல் காரைக்குடியிலிருந்து கப்பலேறியது. பழனி மலை அங்கே இல்லை. ஆகவே சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடப்பதே பாதயாத்திரை ஆயிற்று. பூசத்துக்கு முன்நாள் செட்டிப்பூசம் என்றே பெயர் பெற்றது. பினாங்கில் தேர் வரும் வழியெங்கும் சீனர்கள் ஆயிரக்கணக்கான தேங்காய்களை உடைத்து வழிபடுகிறார்கள்.

உங்கள் தந்தையின் வருத்தம் புரிகிறது. பெரிய அலகுக் காவடிகள் அங்கே முன்னிலைக்கு வந்துவிட்டன, பழனிக்குச் செல்லும் எளிய காவடியின் அமைதி குறைந்துவிட்டது. ஆனால் வியட்நாமின் சைகோன் நகரை அவர் நினைத்துப் பார்க்க வேண்டும். 1975இல் போர் முடிந்து ஆட்சி மாறிய பின் அங்கிருந்த தமிழர்களில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். மாரியம்மன் கோயிலில் இன்று விளக்கேற்றி ஊதுவத்தி வைத்து வேண்டிக்கொள்பவர்கள் வியட்நாமியர். மொழி தெரியாத அவர்களுடைய கையில் அந்த வழிபாடு அவர்கள் முறைப்படி நடக்கிறது. மாறாமல் இருந்திருந்தால் அது அழிந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

மலேசியாவிலிருக்கும் மகள் அடுத்த முறை வரும்போது ரம்புத்தான் கன்று கொண்டு வருகிறேன் என்கிறாள். எங்கள் வளவில் வளருமா?
— வாசகி, ஆத்தங்குடி

தயவுசெய்து கொண்டுவரச் சொல்லாதீர்கள். 2003ஆம் ஆண்டின் பயிர்த் தனிமைக்காப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டு அரசின் பயிர்நலச் சான்றிதழும், நுழைவிடத்தில் பரிசோதனையும் இல்லாமல் கன்றைக் கொண்டுவர முடியாது. இது வெறும் காகித விதி அன்று. 2008இல் கோவைப் பகுதியில் முதலில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோ நாட்டது. இரண்டே ஆண்டுகளில் பப்பாளியோடு மரவள்ளியையும் மல்பெரியையும் வாட்டி, உழவர்களைப் பெருந்துயரத்தில் ஆழ்த்தியது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் பகையான குளவிகளைத் தருவித்துப் பெங்களூரில் பெருக்கி விட்ட பிறகே அடங்கியது.

ரம்புத்தான் நம் நாட்டிலேயே கிடைக்கிறது. நீலகிரி அடிவாரத்தில் கல்லாறு அரசுப் பழப்பண்ணையிலும் கேரளத்திலும் நெடுங்காலமாக வளர்கிறது. ஆனால் காற்றில் ஈரம் வேண்டும் மரம் அது. ஆத்தங்குடியின் சித்திரை வெயிலில் இலை கருகும். ஆசையை விட முடியாவிட்டால் பிற்பகல் நிழல் விழும் மூலையில், பழச்செடிப் பண்ணையில் வாங்கிய ஒட்டுக்கன்றாகப் பார்த்து வையுங்கள். விதையிலிருந்து எழுந்த கன்றுகளில் பல ஆண் மரங்களாகிவிடும். ஆண்டுக்கணக்கில் நீர் ஊற்றியும் காய்க்காது.